100-இல் 1 ஏற்றமும் ஒரு நீராவி இன்ஜினும்: சிமுலேட்டரில் முதல் முறை ஏறுபவர்களுக்கு

ஹார்ட்டன் ஸ்டேஷனைத் தாண்டி இரண்டு மைல்கூடப் போயிருக்காது, வண்டி நின்றுவிட்டது. சிலிண்டருக்கு நீராவி விடும் ரெகுலேட்டர் முழுக்கத் திறந்திருக்கிறது. ரிவர்சரைக் கடைசி வரை முன்னால் தள்ளியாயிற்று. சதுர அங்குலத்துக்கு 225 பவுண்டில் கிளம்பிய கொதிகலன் அழுத்தம் 110-இல் வந்து உட்கார்ந்திருக்கிறது. இப்படி அதே மலையில் ஏழு முறை நின்றேன். எட்டாவது முறை ஏறியதற்குக் காரணம் ஒன்றுதான்: ஏற்றம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குள் புரிந்திருந்தது. உங்களுக்கு அந்த ஏழு முறை வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் பாதையை எடுத்துக்கொள்கிறேன். செட்டில் ஜங்ஷனிலிருந்து பிளே மூர் சுரங்கம் வரை சுமார் 15 மைல், பெரும்பாலும் 100-இல் 1 ஏற்றம், அதாவது 100 அடி போனால் 1 அடி உயரும். அந்த ஊர் டிரைவர்கள் இதற்கு 'லாங் டிராக்' (நீண்ட இழுப்பு) என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இன்ஜின் 'பிளாக் 5'. பிரிட்டனில் 842 கட்டப்பட்ட, எல்லா வேலைக்கும் ஓடிய வண்டி. உங்களிடம் வேறு பாதை, வேறு இன்ஜின் இருந்தாலும் முறை இதேதான்.

ஊட்டி ரயில் ஆசையில் இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பல்சக்கரம் வைத்து ஏறும் பாதை, அங்கே ஏற்றம் கிட்டத்தட்ட 12-இல் 1. இங்கே சொல்வது வெறும் சக்கரப் பிடிப்பை நம்பி ஏறும் வண்டிகளுக்கு மட்டும்.

1. எதை வாங்குவது, எப்போது வாங்குவது

ஓப்பன் ரெயில்ஸ் என்ற சிமுலேட்டர் இலவசம். ஆனால் அது ஓட்டும் மென்பொருள் மட்டும்தான். பாதையும் இன்ஜினும் அதில் வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். 2001-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரின் சிடி யாரிடமாவது பழைய அலமாரியில் கிடந்தால் விடாதீர்கள். அதில் செட்டில்–கார்லைல் பாதை இருக்கிறது, ஓப்பன் ரெயில்ஸ் அதை எடுத்துக்கொள்ளும்.

ட்ரெயின் சிமுலேட்டர் கிளாசிக் காசு கொடுத்து 'ஸ்டீம்' என்ற இணைய கேம் கடையில் வாங்குவது. அடிப்படைப் பதிப்பை வாங்கினால் எல்லாப் பாதையும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பாதை தனி விலை, இன்ஜின் தனி விலை. பெரிய பொறி இதுதான்: பிறர் செய்து பகிர்ந்த பயணங்கள் பலவற்றுக்கு, உங்களிடம் இல்லாத இன்னும் மூன்று நான்கு பொருள்கள் தேவைப்படும். 'தேவைப்படுபவை' பட்டியலைப் படிக்காமல் எதிலும் கை வைக்காதீர்கள். தள்ளுபடிக் காலத்துக்குக் காத்திருங்கள், அவசரம் ஒன்றுமில்லை. வாங்கிய பின் பிடிக்கவில்லை என்றால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். ஆகவே அந்த இரண்டு மணி நேரத்தை மெனுவிலும் செட்டிங்ஸிலும் வீணாக்காமல் நேரே மலைக்குப் போங்கள்.

ஸ்டீயரிங் மாதிரியான தனிக் கருவி எதுவும் தேவையில்லை. கீபோர்டு போதும்.

2. கையில் இருக்க வேண்டிய மூன்று காகிதங்கள்

முதலாவது, பாதையின் ஏற்ற இறக்க வரைபடம். எந்த மைலில் ஏற்றம் தொடங்குகிறது, எங்கே கொஞ்சம் தளர்கிறது, எங்கே முடிகிறது என்று அதில் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் ஒரு டீசல் இன்ஜினில் முழுப் பாதையையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தண்டவாள ஓரத்தில் சாய்ந்த இரு கைகளோடு நிற்கும் குட்டைக் கம்பங்கள்தான் ஏற்றக் கம்பங்கள். கை மேல்நோக்கி இருந்தால் அந்தப் பக்கம் ஏற்றம், எண் 100 என்றால் 100-இல் 1.

இரண்டாவது, இன்ஜினோடு வரும் கையேடு. கிளாசிக்கில் இது 'ரெயில்வொர்க்ஸ்' ஃபோல்டருக்குள் 'மேனுவல்ஸ்' என்ற இடத்தில் பிடிஎஃப்பாகத் தூங்கிக்கொண்டிருக்கும். இது இருப்பதே எனக்கு மூன்று வாரம் தெரியாது. கொதிகலன் அழுத்தம், தண்ணீர் கொள்ளளவு, எந்த விசை எதற்கு என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

மூன்றாவது, பயணத்தின் நேர அட்டவணை. ஏற்றத்தில் எத்தனை நிமிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த எண்ணைப் பார்த்தாலே எந்த வேகத்தில் ஏற வேண்டும் என்று தெரிந்துவிடும். தேவைக்கு மேல் வேகமாக ஏற முயன்றுதான் பாதிப்பேர் நிற்கிறார்கள்.

விசைகளைப் பற்றி ஒரே எச்சரிக்கை. ஓப்பன் ரெயில்ஸில் 'டி' அழுத்தினால் ரெகுலேட்டர் திறக்கும், 'ஏ' அழுத்தினால் மூடும். கிளாசிக்கில் இது தலைகீழ். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவர்கள் சக்கரம் வழுக்கும் நேரத்தில் மூடுவதாக நினைத்து முழுக்கத் திறந்துவிடுவார்கள். நானும் செய்திருக்கிறேன்.

3. கிளம்பும் முன் ஒரு சின்னக் கணக்கு

100-இல் 1 ஏற்றத்தில், ஒவ்வொரு டன் எடையையும் 10 கிலோ எடை பின்னால் இழுக்கிறது. எட்டுப் பெட்டி சுமார் 280 டன். பிளாக் 5 இன்ஜின் 72 டன், கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரோடு சேர்த்தால் 126. மொத்தம் 400 டன் என்று வையுங்கள். ஏற்றம் மட்டும் 4 டன் பின்னால் இழுக்கும். சக்கர உராய்வும் காற்றும் சேர்ந்து இன்னொரு ஒன்றரை டன். ஆக ஐந்தரை டன்.

பிளாக் 5-இன் இழுவிசை 25,455 பவுண்டு, அதாவது பதினொன்றரை டன். பாதி போதுமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தப் பதினொன்றரை டன் கிளம்பும் நொடிக்கான கணக்கு. மணிக்கு 30 மைலில் அந்த ஐந்தரை டன்னை விடாமல் இழுக்க 1,000 குதிரைத்திறனை ஒட்டித் தேவை. அதை அரை மணி நேரம் தொடர்ந்து தர வேண்டும். சிலிண்டருக்கு அந்தப் பலம் உண்டு. கொதிகலன் அவ்வளவு நீராவி செய்து கொடுக்குமா என்பதுதான் கேள்வி.

என் கணக்குப்படி இந்த அரை மணி நேரத்துக்குச் சுமார் 600 கிலோ கரியும் 1,000 காலன் தண்ணீரும் போகும். டெண்டரில் 9 டன் கரி, 4,000 காலன் தண்ணீர் இருப்பதால் தீர்ந்துபோகாது. ஆனால் 600 கிலோவை ஒரு அள்ளுக்கு ஐந்தாறு கிலோ வீதம் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு நான்கு அள்ளு, அரை மணி நேரம் ஓய்வில்லாமல்.

முதல் முறை ஐந்து பெட்டியோடு ஏறுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

4. ஏற்றத்துக்குப் பத்து நிமிடம் முன்னால்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

உலையில் போட்ட கரி உடனே நீராவி ஆகாது. முதலில் அது தீயைக் குளிர்விக்கும். அப்புறம் புகையும், பிறகு எரியும், அதற்கும் பிறகுதான் தண்ணீருக்குச் சூடு போகும். இதற்கெல்லாம் சில நிமிடம் பிடிக்கும். ஏற்றத்தில் அழுத்தம் விழுவதைப் பார்த்துக் கரி போட ஆரம்பித்தால், அந்தக் கரி உதவிக்கு வருவதற்குள் அழுத்தம் இன்னும் விழுந்திருக்கும். பதற்றத்தில் இன்னும் பத்து அள்ளு போடுவீர்கள், தீ இன்னும் குளிரும். நான் நின்ற ஏழு முறையில் ஐந்து முறை இந்தக் கதைதான்.

ஸ்கிப்டன் பக்கத்திலிருந்து 50 மைல் வேகத்தில் வருகிறீர்கள் என்றால், கார்கிரேவ் தாண்டியதும் வேலையைத் தொடங்குங்கள். உலைக்கு அடியிலிருந்து காற்று விடும் டேம்பரை முழுக்கத் திறந்து, நான்கு முதல் ஆறு அள்ளு போட்டு, புகை வெளுக்கும் வரை பொறுத்து, மறுபடியும் அதே அளவு போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். புகைபோக்கியில் கருப்பாக வந்தால் காற்று போதவில்லை அல்லது கரி அதிகம். உலைக்கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மெல்லிய சாம்பல் நிறம்தான் வேண்டும். ஒன்றுமே தெரியாமல் சுத்தமாக இருந்தால் தீ மெலிந்துவிட்டது என்று பொருள்.

ஹெல்லிஃபீல்டுக்குள் கொதிகலன் தண்ணீரை, மட்டம் காட்டும் கண்ணாடியில் முக்காலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இன்ஜெக்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிகலனுக்குள் தள்ளுவதால் அழுத்தம் இறங்கும். அந்த இறக்கத்தைச் சமதரையிலேயே வாங்கிக்கொண்டு, சரிசெய்யவும் நேரம் வைத்துக்கொள்வதுதான் நோக்கம். முக்காலுக்கு மேல் போகாதீர்கள். கொதிகலன் நிரம்பினால் தண்ணீர் நீராவியோடு சேர்ந்து சிலிண்டருக்குப் போய்விடும். ஓப்பன் ரெயில்ஸ் இதைத் திரையிலேயே எச்சரிக்கும்.

செட்டில் ஜங்ஷனை நெருங்கும்போது அழுத்தம் 215-க்கும் 220-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 225-ஐத் தொட்டால் சேஃப்டி வால்வு கத்தும், கஷ்டப்பட்டுச் செய்த நீராவி ஆகாசத்துக்குப் போகும். தொடப்போகிறது என்றால் ஒரு நிமிடம் இன்ஜெக்டரைத் திறந்து அடக்குங்கள்.

இன்னொன்று: ஹெல்லிஃபீல்டிலிருந்து ஜங்ஷன் வரை தரை சாய்வு நமக்குச் சாதகம். வேகக் கட்டுப்பாடு அனுமதிக்கும் வரை வேகம் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மைலை அந்த ஓட்டமே பாதி தூக்கிவிடும். பயணம் ஹெல்லிஃபீல்டிலிருந்தே தொடங்குகிறது என்றால் உடனே கிளம்பாதீர்கள். நின்ற இடத்திலேயே, நீராவியைப் புகைபோக்கிக்குள் பீய்ச்சித் தீக்குக் காற்று இழுக்கும் புளோயரைத் திறந்து தீயை வளர்த்துக்கொண்டு கிளம்புங்கள். இரண்டு நிமிடம் தாமதமானாலும் மலையில் அது திரும்ப வரும்.

5. ஏற்றத்தில் இரண்டு கைப்பிடிகள்

ரிவர்சர் என்றால் முன்னே போவதா பின்னே போவதா என்பதற்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். சைக்கிள் கியர் மாதிரி அதற்கு இன்னொரு வேலை உண்டு. பிஸ்டன் தள்ளப்படும் தூரத்தில் எவ்வளவு பங்குக்கு நீராவி விடுவது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. இதற்குக் கட்-ஆஃப் என்று பெயர். 75 சதவீதத்தில் வைத்தால் முக்கால் தூரத்துக்கு நீராவி நுழைந்துகொண்டே இருக்கும். 25-இல் வைத்தால் கால் தூரத்துக்கு மட்டும் நுழையும், மீதித் தூரத்தை அந்த நீராவியே விரிந்து தள்ளும். 30-இலிருந்து 60-க்குத் தள்ளினால் நீராவிச் செலவு இரட்டிப்பாகும், இழுவிசை இரட்டிப்பாகாது.

ஜங்ஷன் தாண்டியதும் ரெகுலேட்டரை முழுக்கத் திறந்துவிட்டு, கட்-ஆஃப்பை 20–25-இல் வையுங்கள். வேகம் இறங்கத்தான் செய்யும், இறங்கட்டும். 45 மைலுக்கு வந்ததும் 25–28. வேகம் 35-க்கு வந்ததும் 30–32. 30 மைலை ஒட்டி, கட்-ஆஃப்பை 35-க்குக் கொஞ்சம் குறைவாக வைத்தால் எட்டுப் பெட்டியோடு வேகம் ஓரிடத்தில் நிலைக்கும். ஒரே தடவையில் ஐந்துக்கு மேல் மாற்றாதீர்கள்.

இந்த எண்கள் என் வண்டியில் வந்தவை. உங்களுடையதில் கொஞ்சம் மாறலாம். மாறாத விதி ஒன்று உண்டு: அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தால் கட்-ஆஃப்பைக் குறையுங்கள். வேகம் நான்கு மைல் குறையும், குறையட்டும். 26 மைலில் 200 பவுண்டோடு போகிற வண்டி மேலே போய்ச் சேரும். 34 மைலில் 160 பவுண்டோடு போகிற வண்டி ஹார்ட்டனில் நிற்கும். கை தானாகவே எதிர்த்திசையில் போகும் என்பதுதான் வேடிக்கை, வேகம் குறைவதைக் கண்டதும் ரிவர்சரை முன்னால் தள்ளத் தோன்றும்.

ஓப்பன் ரெயில்ஸில் 'எஃப் 5' தகவல் பலகையைத் திறந்து, 'ஷிஃப்ட்'டோடு அதையே அழுத்திப் பக்கங்களை மாற்றினால் நீராவி உற்பத்தியும் செலவும் எண்ணாகவே தெரியும். முதல் சில முறை அதைப் பார்த்து ஓட்டுங்கள். செலவு உற்பத்தியைவிட அதிகமாக இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கடன் வாங்குகிறீர்கள்.

6. கரியும் தண்ணீரும்: எவ்வளவு கடன் வாங்கலாம்

கடன் தப்பில்லை, ஏற்றம் எவ்வளவு நீளம் என்று தெரிந்திருந்தால். இங்கிலாந்தில் வேறொரு பாதையில் உள்ள ஷாப் ஏற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டீபேயைத் தாண்டி 75-இல் 1, நான்கு மைல். 30 மைல் வேகத்தில் எட்டு நிமிடம். அங்கே இன்ஜெக்டரை மூடிவிட்டு, கொதிகலனில் உள்ள தண்ணீரை வைத்தே உச்சிக்குப் போய்விட்டு, அந்தப் பக்க இறக்கத்தில் நிரப்பிக்கொள்ளலாம். ஆங்கிலேய டிரைவர்கள் இதைக் கொதிகலனை அடகு வைப்பது என்று சொல்வார்கள். செட்டில் ஏற்றத்தில் அரை மணி நேரத்துக்கு அடகு வைக்க முடியாது. ஐந்தாவது நிமிடத்திலிருந்தே ஒரு இன்ஜெக்டரைக் குறைந்த அளவில் ஓட விடுங்கள். விட்டுவிட்டு முழுக்கத் திறப்பதைவிடத் தொடர்ந்து கொஞ்சமாகப் போவது அழுத்தத்துக்கு நல்லது.

தானியங்கி ஃபயர்மேன் வசதி இருந்தால் தொடக்கத்தில் பயன்படுத்துங்கள், ஆனால் முழுக்க நம்பாதீர்கள். நான் பார்த்தவரை அந்த ஆள் அழுத்தம் விழுந்த பிறகுதான் மண்வெட்டியைத் தேடுகிறார். சமதரையில் அவர், ஏற்றத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலிருந்து நீங்கள் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

7. சக்கரம் வழுக்கினால்

பிளாக் 5-இன் ஆறு இயங்கு சக்கரங்கள் மேல் 54 டன் எடை உட்கார்ந்திருக்கிறது. காய்ந்த தண்டவாளத்தில் அதில் கால் பங்கு, அதாவது 13 டன் வரை பிடிப்பு கிடைக்கும். மழையில் ஆறில் ஒரு பங்காகிவிட்டால் 9 டன்தான். இன்ஜின் பதினொன்றரை டன் இழுக்கக்கூடியது. மழையில் முழு ரெகுலேட்டரோடும் முழு கட்-ஆஃப்போடும் கிளம்பினால் என்ன ஆகும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

வழுக்கினால் முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள். சுழற்சி அடங்கிய பிறகு மணல், பிறகு மெதுவாகத் திறப்பு. சுழலும் சக்கரத்தின் கீழ் மணலைக் கொட்டினால் சட்டென்று பிடித்து, நிஜ இன்ஜினில் இணைப்புத் தண்டுகள் வளைந்துபோகும். மணல் 'எக்ஸ்' விசை. மழை நாளில் ஏற்றத்தின் கடினமான இடங்களுக்குக் கொஞ்சம் முன்பே போட்டுவிடுங்கள்.

செட்டிங்ஸில் பிடிப்பை எளிதாக்கும் தேர்வு இருக்கும். அதில் பழகினால் மழையைப் பற்றி எதுவும் கற்க மாட்டீர்கள். நான் கற்கவில்லை.

8. நடுவில் சிக்னலில் நின்றுவிட்டால்

தீ நன்றாக இருந்தால் இது ஒரு பிரச்சினையே இல்லை, இளைப்பாறக் கிடைத்த வாய்ப்பு. புளோயரைத் திறந்து, தண்ணீரை ஏற்றி, அழுத்தத்தை 220-க்குக் கொண்டுவாருங்கள். சிக்னல் விழுந்தவுடன் பாய வேண்டாம்.

கிளம்பும் வரிசை: சிலிண்டரில் தேங்கிய நீரை வெளியேற்றும் சிலிண்டர் காக்கைத் திறங்கள், ரிவர்சரை முழுக்க முன்னால் தள்ளுங்கள், பிரேக்கை விடுவியுங்கள். வேக்கம் பிரேக் (குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி விடுவிக்கும் பிரேக்) அதன் மானியில் 21 அங்குலத்துக்குத் திரும்ப நேரம் எடுக்கும், பெட்டி அதிகமானால் இன்னும் அதிகம். முழுக்க விட்ட பிறகு ரெகுலேட்டரைத் தொட்டால் வண்டி பின்னால் உருளத் தொடங்கியிருக்கும். முன்பே திறந்தால் பிரேக்கோடு மல்லுக்கட்டி வழுக்கும். 15 அங்குலத்தைத் தாண்டும்போது கொஞ்சமாகத் திறந்து, இன்ஜின் தன் எடையைத் தாங்குவதை உணர்ந்த பிறகு கூட்டுங்கள். ஓரிரு அடி பின்னால் போனால் பயப்படாதீர்கள். பத்து மைல் வேகம் வந்ததும் ரிவர்சரைப் பின்னால் கொண்டுவரத் தொடங்குங்கள், மறந்தால் இரண்டு மைலில் கொதிகலன் காலி.

அழுத்தம் 120-க்குக் கீழே போய் நீங்களாகவே நின்றுவிட்டீர்கள் என்றால் பயணத்தைக் கைவிட வேண்டாம். பிரேக்கைப் போட்டு, புளோயரைத் திறந்து, 15–20 நிமிடம் காத்திருந்தால் மறுபடியும் கிளம்பலாம். அட்டவணை போயிற்று, ஆனால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

9. உச்சியில் இருக்கும் கடைசிப் பொறி

24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் பாலத்தைத் தாண்டி, 2,629 கெஜ நீளமான பிளே மூர் சுரங்கத்தோடு பெரிய ஏற்றம் முடிகிறது. அதன் பிறகு டென்ட், கார்ஸ்டேல் வழியாக எய்ஸ் கில் வரை லேசான மேடு பள்ளம்தான். பழைய காலத்துப் பயணம் என்றால் கார்ஸ்டேல் பக்கம் தண்டவாளங்களுக்கு நடுவே தண்ணீர்த் தொட்டி இருக்கும், ஓப்பன் ரெயில்ஸில் 'ஒய்' விசையால் ஓடிக்கொண்டே அள்ளலாம். பாதையின் உச்சியான எய்ஸ் கில் 1,169 அடி உயரம். அங்கிருந்து வடக்கே மறுபடியும் 100-இல் 1, இம்முறை இறக்கம்.

எட்டாவது முறை வெற்றிகரமாக ஏறினேன் என்றேன் அல்லவா, அந்த வண்டி இங்கேதான் செத்தது. ஏறும்போது இன்ஜினின் மூக்கு மேலே இருக்கிறது, தண்ணீர் பின்பக்கம், உலைப் பக்கம் ஒதுங்கி நிற்கிறது. கண்ணாடியும் அந்தப் பக்கம்தான். அதனால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். உச்சியில் மூக்கு கவிழ்ந்ததும் தண்ணீர் முன்னால் ஓடிவிடும். ரெகுலேட்டரையும் மூடினால் கொதிப்பு அடங்கி மட்டம் இன்னும் இறங்கும். உலையின் மேல்தகடு தண்ணீரை விட்டு வெளியே வந்தால் அதில் இருக்கும் ஈயத் திருகு உருகி, நீராவி உலைக்குள் கொட்டும். ஓப்பன் ரெயில்ஸில் இது நடந்தால் இன்ஜின் அத்தோடு முடிந்தது. நான் கால் கண்ணாடித் தண்ணீரோடு உச்சியைத் தாண்டியிருந்தேன்.

ஆகவே டென்ட்டிலிருந்தே இன்ஜெக்டரைக் கூட்டுங்கள். எய்ஸ் கில்லைத் தாண்டும்போது கண்ணாடியில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், முக்கால் என்றால் நிம்மதி. இந்த நேரத்தில் அழுத்தம் 180-க்கு இறங்கினாலும் கவலையில்லை, இனி இழுக்கத் தேவையில்லை. ரெகுலேட்டரை மூடுவதற்கு முன்னால் புளோயரைத் திறங்கள். இல்லாவிட்டால் நிஜ இன்ஜினில் தீ உலைக்கதவு வழியாக டிரைவர் மேல் பாயும். டேம்பரைப் பாதி மூடுங்கள், கரி போடுவதை டென்ட் தாண்டியதுமே நிறுத்தியிருக்க வேண்டும். உச்சியைத் தாண்டுவதற்கு முன், எய்ஸ் கில்லுக்கு ஒரு மைல் இருக்கும்போது, 'எஃப் 2' அழுத்திச் சேமித்துக்கொள்ளுங்கள்.